உடல்நலக் குறைவு காரணமாக

1

இந்தக் கதையின் முதல் வாக்கியத்தை நான் எழுதியது 1970ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம். தட்டச்சில், இரண்டு கார்பன் வைத்து, மூன்று பிரதிகள். அப்போது அதைக் கதை என்று நான் நினைக்கவில்லை. விண்ணப்பம் என்றுதான் நினைத்தேன். அதன் அடியில் என் பெயர் இல்லை. சம்பூர்ணம் என்ற பெண்ணின் கையெழுத்து இருந்தது.

என் பெயர் துளசிராமன். பொன்னேரியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டுப் பதினோரு வருஷம் மனு எழுதிப் பிழைத்தேன். ஊரில் என்னை 'ரைட்டர்' என்பார்கள். நடுநடுவே வாரப் பத்திரிகைகளில் நான்கு சிறுகதைகள் வந்ததால், அந்தப் பெயருக்கு இரண்டு அர்த்தமும் பொருந்துவதாக உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. இப்போது, 1978இல், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் புதிதாக வந்திருக்கும் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் வருகைப் பதிவேடு எழுதுகிறேன். மனு எழுதும் லைசென்ஸ் என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்பது பின்னால் வரும்.

பலமுறை இதைத் தொடங்கிப் பார்த்தேன்.

"கடல் அமைதியாக இருந்தது. கப்பலின் மேல்தட்டில் நின்ற சம்பூர்ணத்தின் கண்களில் —"

(இல்லை. நான் அந்தக் கப்பலைப் பார்த்ததே இல்லை. அவள் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?)

"எல்லைக்கோடுகள் மனிதர்கள் வரைந்தவை. ஆனால் ஒரு முத்திரையின் வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை —"

(இது அதைவிட மோசம். இப்படிப்பட்ட வாக்கியம் ஒன்றுதான் அவள் வாழ்க்கையைக் கெடுத்தது.)

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிப் பார்க்கிறேன். எங்கே நான் புனைய ஆரம்பிக்கிறேனோ அங்கே அடைப்புக்குறி போட்டு உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

2

சம்பூர்ணம் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அவள் அப்பா வட ஆர்க்காட்டிலிருந்து போய் அங்கே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். அந்த நாட்டுக் குடியுரிமைக்குப் பதிந்துகொண்டவர். அதனால் மகளும் இலங்கைப் பிரஜை. தேசப்பன் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, நெல் விளையும் ஒரு சின்ன கிராமத்தான். கொழும்புத் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தான். அவன் இந்தியப் பிரஜை. அங்கே இருந்தது தற்காலிக அனுமதியில்.

1966இல் இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. மறுவருஷம் அவன் அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்பி அண்ணன் நிலத்தில் பாடுபட்டான். 1968 ஆகஸ்டில் அவள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி அவனிடம் வந்து சேர்ந்தாள். பாஸ்போர்ட்டில் மூன்று மாத விசா இருந்தது. நவம்பர் 14 வரை.

அக்டோபரிலேயே என்னிடம் வந்தார்கள். இந்தியப் பிரஜையின் மனைவி என்ற முறையில் இங்கேயே தங்கியிருக்க அனுமதி வேண்டும் என்று நான்தான் விண்ணப்பம் தட்டிக் கொடுத்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. சலிப்பூட்டும் அளவுக்கு உண்மையான விண்ணப்பம். அதைக் கொடுக்க நானும் அவர்களோடு மாவட்டத் தலைநகர் வரை போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு கொடுத்தார்.

"பதில் வர்ற வரைக்கும் நான் இங்க இருக்கலாமா ஐயா?" என்று சம்பூர்ணம் கேட்டாள்.

"அதான் அப்ளிகேஷன் போட்டாச்சில்ல? பதில் ஊடு தேடி வரும். அது வரைக்கும் எங்கியும் போவாதம்மா."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். அவர் குரலில் இருந்த பரிவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வெளியே வந்ததும் அவள் அந்தச் சீட்டை நான்காக மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்தாள். "கந்தோர்க்காரர் நல்ல மனுசர்," என்றாள். ஆபீசுக்கு அவர்கள் ஊரில் கந்தோர் என்று பெயர். தேசப்பன் அந்தச் சொல்லைக் கேட்டு எப்போதும் போலச் சிரித்தான்.

விண்ணப்பம் கொடுத்ததற்கான சீட்டு வேறு, தங்குவதற்கான அனுமதி வேறு. இது அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

3

நவம்பர் 14 வந்தது, போனது. அன்று என்ன செய்தாள் என்று ஒருமுறை அவளையே கேட்டேன். "நெனைவில்லையே. நெல்லு அவிச்சிருப்பேன்," என்றாள்.

1969 ஜூனில் பெண் குழந்தை பிறந்தது. தேசப்பன் தன் அம்மாவின் பெயரை வைத்தான்: மணியம்மாள். பதில் வரவில்லை. இரண்டுமுறை நினைவூட்டல் அனுப்பினேன். அவற்றுக்கும் சீட்டு வந்தது. மூன்று சீட்டுகளும் பாஸ்போர்ட்டுக்குள் சேர்ந்தன.

1970 ஆகஸ்டில் ஏட்டு அப்பாவு சைக்கிளில் வந்து அவர்கள் வீட்டு முன்னால் இறங்கினார். பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். பிறகு விரல் விட்டு எண்ணினார்.

"இன்னாம்மா இது? இருவத்தோரு மாசம் ஆயிக்கீது. விசா முடிஞ்சிப்போயி இத்தினி நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"பதிலுக்கு இருந்தேன் ஐயா. இருக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னா? எழுதிக் குட்த்தாங்களா?"

சீட்டுகளைக் காட்டினாள். அவர் மூன்றையும் படித்தார். படித்து முடித்து தேசப்பனைத் தனியே கூப்பிட்டார். "இது ஒண்ணுத்துக்கும் ஆவாது நைனா. ஏன் லேட்டுன்னு காரணம் காட்டி ஒரு மனு எழுதி குடு. மேல அனுப்பறேன். பொம்பளப்புள்ள, கைக்கொழந்த வேற. இரக்கம் பாப்பாங்க."

தேசப்பன் நேரே என் மேஜைக்கு வந்தான்.

4

விண்ணப்பம் எழுதுவது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நீங்கள் கதை படிக்க வந்தவர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்கு ஒரே ஒரு வாசகர். அவர் அதை விரும்பிப் படிப்பதில்லை. பாதிப் பக்கத்துக்குள் அவர் மனம் இளக வேண்டும், ஆனால் அவருக்குக் கோபம் வரவே கூடாது. 'உங்கள் ஆட்களில் ஒருவர்தான் என்னை இருக்கச் சொன்னார்' என்று எழுதினால் கோபம் வரும். வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சியும் கிடையாது. இப்படித்தான் நான் யோசித்தேன். அன்று காலை சம்பூர்ணம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்று, உள்ளதை உள்ளபடி சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நான் தட்டியது இது:

"உடல்நலக் குறைவு காரணமாக நெடுநாள் படுத்த படுக்கையாகக் கிடந்தமையால், உரிய காலத்தில் தாயகம் திரும்ப இயலாத துர்ப்பாக்கிய நிலைக்கு ஆளானேன்..."

நல்ல வாக்கியம் என்று நினைத்தேன். 'துர்ப்பாக்கிய' என்ற சொல் விழுந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

படித்துக்காட்டியபோது அவள் முகம் மாறியது. "நான் படுக்கல்லயே ரைட்டர் ஐயா."

"இது வழக்கம்மா. எல்லாரும் எழுதறதுதான்."

"இருக்கச் சொன்னாங்கன்னு எழுதினா என்ன?"

"அது ஆபத்து. எனக்குத் தெரியும், நீ கையெழுத்துப் போடு."

தேசப்பனும், "அவருக்குத் தெரியாததா? போடு மே," என்றான். அவள் பேனாவை வாங்கினாள். அச்சுக்கோர்ப்பவர் மகள், கையெழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தது.

5

(இந்த இடத்தில் ஒரு வில்லன் இருந்தால் கதைக்கு வசதி. அப்பாவுவைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். மீசை வைத்தேன், கை நீட்ட வைத்தேன். பொருந்தவில்லை. அவர் செய்தது விசாரணை மட்டும்.)

மனுவில் சொன்னது சரிதானா என்று பார்த்து எழுதச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. அப்பாவு அக்கம்பக்கத்தில் கேட்கப் போனார். முதலில் கிடைத்தது அடுத்த வீட்டுக் குப்பம்மாள். சம்பூர்ணத்தின் மேல் உயிரை வைத்திருந்தவள்.

போலீஸ் வந்து விசாரிக்கிறது என்றதும், தன் தோழிக்கு ஏதோ கெட்ட பெயர் வரப்போகிறது என்று குப்பம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. தெரிந்த நல்லதையெல்லாம் சொன்னாள்.

"சம்பூர்ணமா? அந்தப் பொண்ணு ஒரு நாளு தலவலின்னு படுத்து நான் பாத்ததில்ல ஏட்டய்யா. புள்ள பெத்த ரெண்டாம் மாசமே நாத்து நட எறங்கிட்சி. சிலோன்காரின்னு மின்ன நாங்கதான் கேலி பண்ணிக்கினு இருந்தோம். இப்ப எங்க கழனியில அதுமாதிரி வேலக்காரி கெடையாது. நீங்க இன்னா வேணா எழுதிக்கோங்க, நான் கைநாட்டு வெக்கறேன்."

அப்பாவு எழுதிக்கொண்டார். அவளும் கைநாட்டு வைத்தாள்.

பிறகு ஒருநாள் அவர் டீக்கடையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "லேட்டா இருந்தது ஒரு தப்பு ரைட்டரே. அத்த கெஞ்சிக் கூத்தாடி செரி பண்ணியிருக்கலாம். பொய் சொல்லிட்ச்சின்னு வந்தப்புறம் எவன் கையெழுத்து போடுவான்? அந்தப் பொம்பளைக்கி அந்த வார்த்தைங்க வராதுன்னு எனக்குத் தெரியும். பேப்பர்ல அது பேருதான கீது?"

நான் டீயைக் குடித்து முடித்தேன். வேறென்ன செய்தேன் என்று எழுத ஒன்றுமில்லை.

6

டிசம்பரில் வழக்கு பொன்னேரிக் கோர்ட்டுக்கு வந்தது. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மாஜிஸ்ட்ரேட் மனுவைக் கையில் எடுத்தார். "இது நீ கொடுத்ததுதானா?"

"ஆமா ஐயா."

"படுத்த படுக்கையாகக் கிடந்தேன் என்கிறாயே. உண்மையா?"

"இல்ல ஐயா."

"யார் எழுதிக் கொடுத்தது?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் எழுந்திருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கவில்லை, நான் எழுந்திருக்கவில்லை. இரண்டையும் முடிச்சுப்போட எனக்கு உரிமை கிடையாது.

"நான்தான் ஐயா கையெழுத்து வச்சேன்," என்றாள்.

அபராதமும், கோர்ட் கலையும் வரை தண்டனையும். மாலை ஐந்து மணி வரை மடியில் குழந்தையோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அதை எல்லோரும் லேசான தண்டனை என்றார்கள். ஜனவரி முதல் வாரத்தில் இன்னொரு காகிதம் வந்தது: முப்பது நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

குழந்தையை அழைத்துப்போக முடியாது. மணியம்மாள் இங்கே பிறந்த இந்தியப் பிரஜை. தாயின் பாஸ்போர்ட்டில் அவள் பெயரைச் சேர்க்க முடியாது. தனிப் பாஸ்போர்ட் முப்பது நாளில் கிடைக்காது. தேசப்பனும் போக முடியாது. அவனை ஒருமுறை அனுப்பியவர்கள் மறுபடி விடுவதாக இல்லை. 'இவன் என்ன புருஷன், கூடப் போயிருக்க வேண்டாமா' என்று உங்களில் யாராவது நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அவனைக் கோழையாக வைத்து ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். எல்லாக் கதவையும் தட்டிய ஒருவனைக் கோழை என்று எழுதக் கை வரவில்லை.

7

இங்கே கதைக்குப் பல வழிகள் இருக்கின்றன.

முதல் வழி முழுக்கக் கற்பனை இல்லை. தேசப்பனின் கூட்டாளி துலுக்காணம் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவன். அவன் வந்து சொன்னான்: "எங்க குப்பத்துக்கு இட்டாந்து உட்டுடு. நாலாபக்கமும் தண்ணி. படகு இல்லாம ஒருத்தனும் வர முடியாது. நாலஞ்சி வருசம் போனா அவங்களே மறந்துடுவாங்க." தேசப்பனுக்கு ஆசை வந்தது. சம்பூர்ணம் மறுத்தாள்.

"உன் அம்மா எங்கன்னு பிள்ளைய யாரும் கேட்டா அது என்ன சொல்லும்? அதுக்கும் பொய் சொல்லக் கத்துக்கொடுக்கணுமா? ஒரு பொய் போதும்."

நானும் அந்த அறையில் இருந்தேன். அவள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை.

இரண்டாவது வழி: கப்பல் புறப்படும் நேரம். துறையில் ஒரு ஜீப் வந்து நிற்கிறது. ஓர் அதிகாரி காகிதத்தை ஆட்டிக்கொண்டே ஓடி வருகிறார். "நிறுத்துங்கள்! அனுமதி வந்து —"

(மன்னியுங்கள். ஒருநாள் இரவு பலவீனத்தில் எழுதியது.)

நடந்தது இது. தேசப்பன் குழந்தையோடு ராமேஸ்வரம் வரை போனான். இதை அவன்தான் எனக்குச் சொன்னான். சுங்கக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவன். ரயில் அலுப்பில் மணியம்மாள் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். வயது ஒன்றரைக்கு மேல். இன்னும் பால்குடி மறக்கவில்லை.

"எழுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறான்.

"எழுப்பாதீங்க. எழுந்தா என்னால போக ஏலாது."

கம்பிக்குள் கைவிட்டு, குழந்தையின் பாதத்தை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாளாம். குழந்தை மண்டபம் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது விழித்தது. அதற்குப் பிறகு சென்னை வரையான பிரயாணத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

8

அந்த ஏப்ரலில் தீவில் கலகம் வெடித்தது. ஊரடங்கு. இரண்டு மாதம் கடிதமே வரவில்லை. பிறகு வந்த கடிதங்களை தேசப்பன் என்னிடம் கொண்டுவந்து காட்டுவான். அவள் இரண்டுமுறை விசா கேட்டிருந்தாள். 'முன்பு எப்போதேனும் இந்தியாவை விட்டு வெளியேறும்படி உத்தரவிடப்பட்டீரா?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. இரண்டுமுறையும் ஆம் என்று எழுதினாள். இரண்டுமுறையும் மறுத்துவிட்டார்கள்.

1972 நவம்பரில் தேசப்பன் ஒரு பழுப்பு உறையோடு என் மேஜைக்கு வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரைட்டரே, இன்னா எழுதிக்கிதுன்னு படிங்க."

படித்தேன். 1968 அக்டோபர் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. விண்ணப்பதாரர் ஓராண்டு இந்தியாவில் தங்கியிருக்க அனுமதி அளிக்கப்படுகிறது. அவர் தற்போது இந்தியாவில் இல்லையெனில் இவ்வுத்தரவு செல்லாது, திருப்பி அனுப்பவும்.

அவளை அனுப்பிய கோப்பு ஓர் அறையில் இருந்திருக்கிறது. அவளை இருக்கச் சொன்ன கோப்பு வேறோர் அறையில். இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை. நான் கற்பனை செய்திருந்தால் இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் எழுதியிருக்க மாட்டேன்.

"அப்போ, இத்த திருப்பி அனுப்பணுமா?" என்று தேசப்பன் கேட்டான்.

அந்தக் கேள்விக்குத்தான் நான் உடைந்தேன். கோர்ட்டில் எழுந்திருக்காததை அவனிடம் சொன்னேன். அவன் தலையசைத்தான்.

"தெரியும். அவ சொல்லிக்கினுதான் போனா. உங்க பேர சொன்னா உங்களையும் உள்ள போட்ருவாங்க, உங்க ஊட்ல மூணு பொட்டப்புள்ளைங்க கீதுன்னு சொன்னா. எனக்குக் கோவந்தான். அவ சொன்னதுக்காக உங்களாண்ட பேசிக்கினு இருக்கறேன்."

அன்றைக்கே எழுதினேன். அலங்காரம் ஏதுமில்லாமல் ஏழே வரி. மேற்படி மனுவில் 'உடல்நலக் குறைவு காரணமாக' என்று தொடங்கும் பகுதி என்னால் புனையப்பட்டது, மனுதாரர் அவ்வாறு கூறவில்லை, ஆட்சேபித்தார், தங்கியிருக்கும்படி அவரிடம் வாய்மொழியாகக் கூறப்பட்டபோது நான் உடனிருந்தேன். அடியில் என் பெயர், என் லைசென்ஸ் எண்.

எழுதிய காகிதம் ஒன்பது நாள் என் மேஜை இழுப்பறைக்குள் கிடந்தது. அத்தனை ஆபீசுகளின் தாமதத்தையும் தேதி போட்டு எழுதிய நான் இதையும் எழுத வேண்டும். அந்த ஒன்பது நாளும் முழுக்க என்னுடையவை. பத்தாம் நாள் அந்த அனுமதியின் நகலோடு சேர்த்து இங்கே மாவட்ட ஆபீசுக்கும் கொழும்பில் இந்தியத் தூதரகத்துக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

மறுவருஷம் விசாரணை நடந்து என் லைசென்ஸ் ரத்தானது. 1974 ஆகஸ்டில் அவளுக்கு விசா கிடைத்தது. என் ஏழு வரியால்தான் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆமாம் என்று எழுதினால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அதனால்தான் எழுதவில்லை.

9

1974 செப்டம்பரில் சம்பூர்ணம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். மணியம்மாளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

தாயும் மகளும் எதிரெதிரே நின்ற அந்தச் சில நிமிஷங்களை நான் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். தேசப்பன் சொன்னதை வைத்துத்தான். குழந்தை கேட்ட ஒரு கேள்வி, அதற்கு அவள் சொன்ன பதில். இந்தக் கதை முழுவதிலும் நன்றாக வந்த பகுதி அதுதான்.

போன மாதம் கைப்பிரதியை அவளிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது வருஷத்துக்கு ஒருமுறை அவளே போய் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்கிறாள். குடியுரிமைக்கும் மனு போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கோழி வராமல் பார்த்துக்கொண்டே படித்தாள். கப்பலேறிய மாதத்தைத் திருத்தினாள். அப்பாவுவைப் பற்றி எழுதியது சரி என்றாள். ஒன்பதாம் பகுதிக்கு வந்ததும் நிறுத்தி நிறுத்தி இரண்டுமுறை படித்தாள்.

"இங்க நீங்க இல்லையே ரைட்டர் ஐயா."

"தேசப்பன் சொன்னதும்மா."

"அவரு சொல்லியிருப்பாரு. இது நானும் அவளும் கதைச்சது. எடுத்திடுங்க."

"கதையே அங்கதாம்மா இருக்கு."

"இருக்கட்டும். ஒருக்கா எனக்கு வேணாம்னு சொன்னேன், நீங்க கேக்கல்ல."

பேனாவைக் கேட்டாள். கொடுத்தேன். ஒன்றரைப் பக்கத்தையும் வரிவரியாக, நிதானமாக அடித்தாள். அடியில் இருப்பது படிக்க முடியாதபடி அடித்தாள். பிறகு கைப்பிரதியை என்னிடம் தந்துவிட்டு, நெல்லைக் கிளறிவிட எழுந்துபோனாள்.

அந்த இடம் இது:

[                                        ]

அந்தப் பிளாட்பாரத்தில் ஐந்து வயதுப் பெண் தன் தாயிடம் என்ன கேட்டாள் என்று நீங்கள் நினைத்துப் பார்ப்பீர்கள். தாய் என்ன சொன்னாள் என்றும் நினைத்துப் பார்ப்பீர்கள். அதை யாரும் தடுக்க முடியாது. எழுத மட்டும் வேண்டாம்.